ஏரிக்கரைக் குளிரும் எப்போதாவது விழும் வெண்பனியும்: அண்டர்பெர்க் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மே மாதம் பிறந்துவிட்டால், அதாவது தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் நெருங்கிவிட்டால், டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து வரும் போன் எல்லாம் ஒரே கேள்விதான்: "ஸ்னோ விழுந்துடுச்சா?" நான் இருப்பது ஹோவிக்கில், மிட்மார் அணைக்குப் பக்கம். டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் இருக்கும் அண்டர்பெர்க்குக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்களும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் போனால் ஸ்னோ பார்க்கலாமா?

பெரும்பாலும் முடியாது. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு மழைக்காலம் கோடைதான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் வறண்ட மாதங்கள். குளிர் இருக்கும், ஈரம் இருக்காது. வெண்பனி விழ இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். அதனால் இங்கே குளிர்கால நாள் என்றால் நீல வானம், காய்ந்து வெளுத்த புல், பகலில் சுள்ளென்று வெயில், பொழுது சாய்ந்ததும் எலும்பைத் துளைக்கும் குளிர்.

டிராக்கன்ஸ்பெர்க் உச்சியின் கதை வேறு. அங்கே ஏப்ரல், மே மாதத்திலேயே லேசாக விழுவதுண்டு. அப்போது கீழே ஏரிக்கரையில் நின்று பார்த்தால் மலையின் மேல்விளிம்பு மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரியும். ஊருக்குள், கையால் அள்ளும் அளவுக்கு விழுவது அபூர்வம். விழாமலே போகும் ஆண்டும் உண்டு. குளிருக்காகவும் ஏரிக்காகவும் போங்கள். வெண்பனி கிடைத்தால் அது உபரி. "ஸ்னோ இல்லன்னா காசு வேஸ்ட்" என்று நினைக்கிறவர்கள் கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம்.

சரி, விழுந்தால் எப்போது விழும்? முன்கூட்டியே தெரியுமா?

இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் தெரியும். அதற்கு மேல் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தெற்குப் பெருங்கடலிலிருந்து கிளம்பும் குளிர்முனை, அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் முகப்பு, முதலில் கேப் டவுனைத் தொடும். அங்கே மழையும் காற்றும் அடித்து ஓரிரு நாளில் அது கிழக்கே நம் பக்கம் வந்து சேரும். கேப் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் "இங்க செம குளிர்" என்று வாட்ஸ்அப்பில் புலம்பினால் நாம் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பிக்கலாம். ஆனால் வெறும் குளிர்முனையால் பெரிய வெண்பனி வராது. வானத்தின் மேலடுக்கில் ஒரு தாழ்வழுத்தம் மேற்கிலிருந்து ஓடும் காற்றோட்டத்தைவிட்டு அறுந்து, நாட்டுக்கு மேலே தனியாக நின்றுவிட வேண்டும். அதே சமயம் இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வீச வேண்டும். அந்த இரண்டும் கூடினால்தான் சாலையை மூடுகிற அளவுக்குக் கொட்டும்.

இன்னொரு அடையாளம் உண்டு, டர்பன்காரர்கள் பலருக்கும் பழக்கமானது. குளிர்முனை வருவதற்கு முந்தைய நாள் மலைப்பக்கமிருந்து வறண்ட சூட்டுக்காற்று இறங்கும். இங்கே பெர்க் காற்று என்பார்கள். ஜூன் மாதத்தில் டர்பனில் 30 டிகிரி வெயில் அடிக்கும். குழந்தைகள் கடலுக்குப் போவார்கள். மறுநாள் காற்று திசை மாறி ஒரே அடியாக வெப்பம் இறங்கிவிடும். குளிர்காலத்தில் காரணமில்லாமல் புழுக்கினால் மறுநாளைக்குக் கம்பளி எடுத்து வையுங்கள்.

தென்னாப்பிரிக்க வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தோடு, 10 வரை எண்ணும் போட்டு எச்சரிக்கை விடும். வெண்பனிக்கும் அப்படித்தான். மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம். ஆரஞ்சு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு என்றால் வீட்டில் இருங்கள், விவாதம் வேண்டாம்.

குளிர்காலத் தொடக்கத்தில் அப்படிப் பெரிதாக விழுந்ததே இல்லையா?

இருக்கிறது. 2025 ஜூன் 9, 10 தேதிகளில் வந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கிழக்கு கேப் மேட்டுநிலத்தில் வெண்பனி கொட்டிச் சாலைகள் மூடப்பட்டன. அதே வானிலை, அதே நாட்களில், தாழ்வான உம்டாட்டாவில் பெருவெள்ளமாக வந்து ஏறத்தாழ நூறு பேரைக் கொண்டுபோனது. மேலே வெள்ளையாக விழுவதும் கீழே வெள்ளமாக ஓடுவதும் ஒரே மேகம்தான். வெண்பனிச் செய்தி கேட்டுக் கிளம்புகிறவர்கள் கீழ்நிலத்து ஆற்றுப்பாலங்களையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் பெரிய பனிப்பொழிவுகளின் தேதிகளைப் பார்த்தால் பல குளிர்காலத்தின் பின்பாதியில் இருக்கின்றன. 2012 ஆகஸ்ட் 7 அன்று நாட்டின் ஒன்பது மாகாணங்களிலும் வெண்பனி பதிவானது. ஜோகன்னஸ்பர்க்கில் அதற்குப் பிறகு கண்ணில் படும்படி விழுந்தது 2023 ஜூலை 10 அன்று. வான் ரீனன் கணவாயில் N3 நெடுஞ்சாலையையே மூடிய பனிப்பொழிவு 2024 செப்டம்பர் 20, 21-இல். நாட்காட்டிப்படி அது வசந்தம். ஆக, ஜூனில் விழவில்லை என்று ஏங்கத் தேவையில்லை. செப்டம்பர் வந்துவிட்டது என்று அசந்துபோகவும் கூடாது.

ஏரி இருப்பதால்தான் அந்தப் பக்கம் ஸ்னோ விழுகிறதா? கனடாவில் ஏரியால்தான் விழும் என்று அண்ணன் சொல்கிறார்.

உங்கள் அண்ணன் கனடாவைப் பற்றிச் சொன்னது சரி. அங்கே பெரும் ஏரிகள் கடல் மாதிரி. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரித் தண்ணீர் கோடைச் சூட்டை இன்னும் வைத்திருக்கும். அதன்மேல் வடக்கிலிருந்து உறைகாற்று நெடுந்தூரம் கடந்து வரும்போது ஈரத்தையும் சூட்டையும் வாரிக்கொண்டு, எதிர்க்கரையில் ஏறி வெண்பனியாகக் கொட்டிவிடும். ஏரி உறைந்தபின் இது குறையும். அதனால்தான் அங்கே நவம்பர், டிசம்பர் மோசம்.

நம் ஏரிகள் அதற்குப் போதாது. மிட்மார் அணை உம்கேனி ஆற்றில் 1965-இல் கட்டி முடித்தது. ஒரு கரையில் நின்றால் மறுகரை வீடு தெரியும். அண்டர்பெர்க், ஹைம்வில் பக்கத்து ஏரிகள் இன்னும் சின்னவை. பலவும் பண்ணைக்காரர்கள் ஓடைக்குக் குறுக்கே மண்கரை போட்டுத் தேக்கி, டிரவுட் மீன் விட்டவை. காற்று அவற்றைக் கடக்கும் நேரத்தில் மேகம் உண்டாகாது. நமக்கு ஈரம் தருவது இந்தியப் பெருங்கடல்.

ஏரி செய்வது வேறொன்று. காற்றைவிடத் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். ஜூன் காலையில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது ஏரி நீர் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். அதனால் தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஆவி எழும்பும். சூரியன் வரும்வரை முழங்கால் உயரத்துக்குச் சுருள் சுருளாக நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு வாத்து போனால் தலை மட்டும் தெரியும். கரையோரக் கோரைப்புல்லில் அந்த ஆவி பட்டு உறைந்து, ஒவ்வொரு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் ஊசி ஊசியாக நிற்கும். விரல் வைத்தால் நொறுங்கும். வெயில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சொட்டிப் போய்விடும். இதைப் பார்க்க ஆறரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் எழுந்ததில்லை.

எந்த ஊரில் தங்கலாம்? எப்படிப் போவது?

டர்பனிலிருந்து N3-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க், அங்கிருந்து ஹில்டன் ஏற்றம், ஹோவிக் அருகே இறங்கி R617 சாலை. மிட்மாரை ஒட்டிப் போய், பாஸ்டன், புல்வர் வழியாக அண்டர்பெர்க். மொத்தம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், நிதானமாகப் போனால் இரண்டரை மூன்று மணி நேரம். ஹைம்வில் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். அங்கே இரண்டு சிறு ஏரிகள் உள்ள காப்பகம் இருக்கிறது. இரண்டு ஊரும் 1,500 மீட்டர் உயரத்தை ஒட்டியவை. குளிர்காலத்தில் சாம்பல்நிற முடிகொண்ட கொக்குகள் கூட்டமாக வயலில் மேய்வதை அங்கே பார்க்கலாம்.

கொஞ்சம் பெரிய ஏரி வேண்டும் என்றால் ஹாரிஸ்மித் பக்கம் ஸ்டெர்க்ஃபொன்டைன் அணை. தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஆனால் அந்த மேட்டில் காற்று மிரட்டும். முதியவர்களை அழைத்துப் போகும் முதல் பயணத்துக்கு நான் அண்டர்பெர்க்கைத்தான் சொல்வேன்.

அறை பதிவு செய்யும்போது ஒன்று கேளுங்கள்: ஜன்னல் வடக்குப் பார்த்ததா? பூமத்திய ரேகைக்குத் தெற்கே குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். வடக்குப் பார்த்த அறையில் பகல் முழுக்க வெயில் விழும். தெற்குப் பார்த்த அறை மத்தியானத்திலும் குளிர்ச்சாதனப் பெட்டிதான். மலையில் தெற்குச் சரிவில் வெண்பனி பல நாள் கரையாமல் கிடப்பதும் இதனால்தான்.

குளிர் உண்மையில் எவ்வளவு? ஊட்டி மாதிரியா?

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆனால் பூமத்திய ரேகைக்கு அருகில். அண்டர்பெர்க் உயரம் குறைவு, ஆனால் 29 டிகிரிக்கும் தெற்கே. ஜனவரியில் ஊட்டியில் புல்வெளி வெள்ளையாக உறையும் காலையைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஜூன் காலை புதிதல்ல. வித்தியாசம், ஊட்டியில் அது சில நாள். இங்கே வரிசையாக வாரக்கணக்கில். பகலில் 15 டிகிரியைத் தாண்டும் நாள் சாதாரணம், இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதும் சாதாரணம். அதே இரவில் டர்பனில் பத்து டிகிரிக்கு மேல் இருக்கும். காலையில் டர்பனில் அரைக்கை சட்டையில் கிளம்பியவர் மாலையில் அண்டர்பெர்க் பெட்ரோல் பங்கில் இறங்கியதும் "ஐயோ" என்பார்.

ஒப்பிட்டுப் பார்க்க: இந்த நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை கிழக்கு கேப்பில் மோல்டெனோ அருகே பஃபெல்ஸ்ஃபொன்டைன் பண்ணையில், 2013 ஆகஸ்ட் 23 அன்று, மைனஸ் 20.1 டிகிரி. அண்டர்பெர்க்கில் அப்படியெல்லாம் ஆகாது.

ஏரி உறைந்தால் மேலே நடக்கலாமா?

கூடவே கூடாது. கரையோரம் கண்ணாடிச் சில்லு போல் ஓர் ஏடு படியும், அவ்வளவுதான். அது ஒரு நாயைக்கூடத் தாங்காது. ஜூன் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு முட்டும், கை கால் சொன்னபடி கேட்காது; நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். படகில் ஏறுகிறவர்கள் மிதவைச் சட்டை போடாமல் ஏறக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கரையில் ஓடும்போது ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும்.

என்ன உடுத்துவது? பெரிய ஜாக்கெட் வாங்க வேண்டுமா?

ஒரு நாள் கூத்துக்காக ஆயிரக்கணக்கில் ராண்ட் செலவழிக்க வேண்டாம். தடிமனான ஒன்றைவிட மெலிசான மூன்று அடுக்கே நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய முழுக்கை, நடுவில் கம்பளியோ ஃப்ளீஸோ, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஒன்று. பத்து மணி வெயிலில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நாலு மணிக்குத் திரும்பப் போடலாம். நம் ஆட்கள் மறப்பது கால்தான். செருப்போடு வந்து இறங்குகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மூடிய ஷூ, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. நனைந்தால் மாற்ற மூன்றாவது ஜோடி. ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது. பாட்டிமார் புடவைக்கு உள்ளே கம்பளி லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளட்டும், யாருக்கும் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த மங்கி குல்லா இருந்தால் தாராளமாகப் போடுங்கள். சிரிக்கிறவர்கள் இரவில் அதைக் கடன் கேட்பார்கள்.

அறையில் ஹீட்டர் இல்லை, கரண்டும் போய்விட்டது. பிராய் அடுப்பை (இறைச்சி சுடும் கரியடுப்பை) உள்ளே கொண்டுவரலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: கொண்டுவராதீர்கள். கரி, விறகு, ம்பாவுலா என்கிற தகரக் கணப்பு, எதுவாக இருந்தாலும் மூடிய அறைக்குள் வேண்டாம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசமில்லை. புகை நின்று தணல் மட்டும் சிவப்பாக இருக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும். தலை கனக்கும், குமட்டும், தூக்கம் வரும். குளிரில் அசதி என்று நினைத்துப் படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். இந்த நாட்டில் குளிர்காலம்தோறும் குடும்பமாக இப்படிச் சாகிற செய்தி வருகிறது. ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் சந்தேகமே வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு 112-க்குப் போன் செய்யுங்கள்.

கேஸ் ஹீட்டர் பொருத்தியிருந்தால் ஒரு ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள், தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். புகைபோக்கி உள்ள கணப்பு அடுப்பு பரவாயில்லை. பனி விழுந்தால் மின்கம்பி அறுவது வழக்கம் என்பதால் ஃபிளாஸ்க், சுடுநீர்ப் பை, தடிக் கம்பளி இவற்றை நம்புங்கள். எல்லோரும் ஒரே அறையில் படுத்தாலே பாதிக் குளிர் போய்விடும்.

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, என்ன செய்வது?

இரவில் குழாய் உறைந்திருக்கும். பத்து மணி வெயிலுக்குத் தானாக இளகும். நெருப்புக் காட்டாதீர்கள், குழாய் வெடிக்கும். படுக்கும் முன் ஒரு வாளி பிடித்து வைப்பது சுலபம்.

அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. அழைத்து வரலாமா?

வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுநீர்ப் பையைக் காலடியில் வைக்காதீர்கள். சுட்டது தெரியாமலே புண்ணாகிவிடும். படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிடுங்கள். ஹீட்டருக்கு நேராகக் கால் நீட்டி உட்காருவதும் அப்படித்தான். இன்சுலினைக் காரில் இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், உறைந்தால் பயன்படாது.

குளிரில் ரத்த அழுத்தம் ஏறும். அப்பா விடியற்காலை நடைப்பழக்கம் உள்ளவர் என்றால் ஒன்பது மணிக்குத் தள்ளிவைக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் சால்வையால் மூடிக்கொண்டு வெளியே வரட்டும். இன்ஹேலர் பம்பு சட்டைப் பையில் இருக்கட்டும். கைக்குழந்தைக்குக் கார் இருக்கையில் உப்பலான ஜாக்கெட்டோடு பெல்ட் மாட்டாதீர்கள். மோதினால் பெல்ட் தளர்ந்து பிள்ளை நழுவும். ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட் போட்டு, மேலே போர்வை.

காரை எப்படித் தயார் செய்வது?

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் டர்பனில் நிறையப் பேர். இங்கே அது உறைந்து விரிந்து எஞ்சினை உடைக்கும். உறையாத் திரவம் கலந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பழைய பேட்டரி முதல் குளிர்காலையில் கைவிடும். கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் கொதிநீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பழைய வங்கி அட்டையால் சுரண்டினால் போதும்.

நம் ஊர்க் கார்களில் பனியில் பிடிக்கும் டயரும் கிடையாது, டயரில் சுற்றும் சங்கிலியும் கிடையாது. ஆகவே வெண்பனியில் ஓட்டும் வித்தையை இங்கே விளக்கப்போவதில்லை, ஓட்டாதீர்கள். வெண்பனியைவிட அடிக்கடி வழுக்குவது காலையில் பாலத்தின் மேலும் மரநிழலிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த பனிக்கட்டி ஏடு. வேகத்தைக் குறையுங்கள், திடீரென்று பிரேக் வேண்டாம். ஹில்டனிலும் பாஸ்டனிலும் மூடுபனி சகஜம். ஜூனில் ஐந்து மணிக்குச் சூரியன் விழுந்துவிடும். புல்வர் பக்கம் இருட்டில் சாலையில் மாடு நிற்கும், மரம் ஏற்றிய லாரி எதிரே வரும். நாலு மணிக்குள் போய்ச் சேர்வதுபோல் கிளம்புங்கள்.

ஸ்னோ விழுந்ததாகச் செய்தி வந்தால் உடனே ஓடிவரலாமா?

ஓடிவரத்தான் எல்லோருக்கும் ஆசை. சனிக்கிழமை காலை செய்தி வந்தால் பத்து மணிக்கெல்லாம் N3-இல் டர்பன் பதிவெண் வரிசை கட்டி நிற்கும். 2024 செப்டம்பரில் என்ன நடந்தது என்று பாருங்கள். வான் ரீனன் கணவாயை ஒட்டி நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவெல்லாம் நகர முடியாமல் மாட்டிக்கொண்டன. லாரி ஒன்று குறுக்கே திரும்பி நின்றால் பின்னால் வருகிற எல்லோருக்கும் அதே கதிதான். பெட்ரோல் தீர்ந்தது, போன் தீர்ந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது.

விழுந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். நின்று, வானம் வெளுத்து, சாலை திறந்துவிட்டதாகப் போக்குவரத்துக் காவலர்கள் அறிவித்த பிறகு போங்கள். பொதுவாக அது மறுநாள். ஊருக்குள் விழுந்தது மத்தியானத்துக்குள் சேறாகிவிடும், உண்மைதான். ஆனால் மலைச்சரிவு அதன் பிறகும் வெள்ளையாகத்தான் நிற்கும். பண்ணை வேலியைத் தாண்டிக் குதித்துப் படம் எடுப்பது இன்னொரு தொல்லை. அது ஒருவருடைய நிலம், உள்ளே குட்டி போட்ட ஆடு நிற்கும்.

வழியில் மாட்டிக்கொண்டால்?

காரைவிட்டு இறங்கி நடக்காதீர்கள். எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். அதற்கு முன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிடுங்கள், ஒரு ஜன்னலை லேசாகத் திறந்து வையுங்கள். மேலே சொன்ன அதே வாயுதான் காரிலும் கொல்லும். போர்வை, தண்ணீர், பிஸ்கட், சார்ஜ் பெட்டி, மருந்து இவையெல்லாம் டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எந்த கிலோமீட்டர்க் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று வீட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போனைச் சேமியுங்கள்.

சானி கணவாய் ஏறலாமா?

ஹைம்விலிலிருந்து பக்கத்து நாடான லெசோத்தோவுக்கு ஏறும் அந்தச் சாலை 2,876 மீட்டரில் முடிகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அடிவாரச் சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். இருந்தாலும், குளிர்காலத்தில் உங்கள் சொந்த வண்டியில் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல் வளைவுகளில் வெயிலே படாது. உறைந்த ஏடு நாள்கணக்கில் கிடக்கும். அண்டர்பெர்க்கிலிருந்து வழிகாட்டி ஓட்டும் வண்டிகள் போகின்றன, அதில் போங்கள். அவர்கள் இன்று போக முடியாது என்றால் பேரம் பேசாதீர்கள்.

கடவுச்சீட்டு கட்டாயம். பிள்ளைகள் இருந்தால் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் லெசோத்தோ விசா விதியை முன்பே பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க விசா ஒரே ஒரு நுழைவுக்கு உரியது என்றால் மேலே போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே வருவதில் சிக்கலாகும். எல்லைச் சாவடி மாலை ஆறு மணிக்கு மூடும்.

சாப்பாட்டுக்கு?

கடைகள் உண்டு, ஆனால் நம் சமையல் கிடைக்காது. மிளகு ரசத்தை ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொண்டு போங்கள்; ஏரிக்கரையில் அதற்கு ஈடு கிடையாது. சுகர் பீன்ஸ் கறி, ரொட்டி, தயிர் சாதம் எல்லாம் தாங்கும். வழியில் சாலையோரம் மதும்பி விற்றால் ஒரு பொட்டலம் வாங்கி, உப்புப் போட்டு வேகவைத்துத் தோலை உரித்துச் சுடச்சுடச் சாப்பிடுங்கள். சேப்பங்கிழங்கு பிடித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இரவில் வெளியே நெருப்பு மூட்டி உட்காரலாமா?

அதற்கென்று கட்டிய குழியில் மட்டும், காற்று இல்லாதபோது மட்டும். இந்த மாதங்களில் புல் பஞ்சு மாதிரி பற்றும். ஜூனில் மலைச்சரிவில் கறுப்புப் பட்டைகளைப் பார்த்தால் பயப்படாதீர்கள். காட்டுத்தீ பரவாமல் இருக்கப் பண்ணைக்காரர்கள் தாங்களே எரித்து வைப்பது. பெர்க் காற்று வீசும் நாளில் சிகரெட் துண்டுகூட வெளியே போகக் கூடாது.

ஆடியில் போனால் வீட்டில் திட்டுவார்கள். கூழ் ஊற்றும் நாளில் எப்படி?

தமிழ்நாட்டில் ஆடிக் காற்று என்றால் இங்கே ஆடிக் குளிர். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில்களில் கூழ் இருக்கும். சூடான புளித்த கூழுக்கு இந்தக் குளிரைவிடப் பொருத்தமான காலம் எது? கோயிலை முடித்துவிட்டு மறுநாள் கிளம்பலாம். விரதக்காரர்கள் மே, ஜூனிலேயே போய்விட்டு வருவது வசதி. அறை வாடகையும் பள்ளி விடுமுறைக்கு முன் குறைவாக இருக்கும்.

நாங்கள் அண்டர்பெர்க்கிலேயே குடியேறிவிட்டோம். கறிவேப்பிலைச் செடி பிழைக்குமா?

தரையில் வைத்தால் கஷ்டம். தொட்டியில் வளருங்கள், வடக்குப் பார்த்த சுவரை ஒட்டி வையுங்கள். மே தொடக்கத்திலிருந்து இரவில் வராந்தாவுக்குள் எடுங்கள், இல்லையென்றால் பழைய பெட்ஷீட்டால் மூடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும். மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரே இரவில் இலை எல்லாம் கறுத்துத் தொங்கினாலும் பிடுங்கி எறிய வேண்டாம். கறுத்த கிளையை உடனே வெட்டவும் வேண்டாம்; அதுவே கீழே உள்ள கணுவைக் காக்கும். அக்டோபரில் கணுவில் பச்சை தெரிந்தால் அதற்கு மேலே வெட்டுங்கள். முருங்கை ஆசையை விட்டுவிடுங்கள். அது டர்பன் மரம்.

எப்படியும் ஸ்னோவில் பிள்ளைகள் விளையாடியே ஆக வேண்டும். வேறு வழி?

அப்படியென்றால் வானத்தை நம்பாமல் லெசோத்தோவில் உள்ள ஆஃப்ரிஸ்கிக்குப் போங்கள். 3,000 மீட்டருக்கு மேலே, மலூட்டி மலையில். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இயந்திரத்தால் வெண்பனி தூவிச் சறுக்குத் தளம் வைத்திருக்கிறார்கள். டர்பனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. நடுவில் ஒரு இரவு தங்க வேண்டும், கடைசி ஏற்றத்தைப் பகலில்தான் ஏற வேண்டும். செலவு கூடுதல். கடவுச்சீட்டு, விசா பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். பள்ளி விடுமுறை வாரங்களில் இடம் கிடைப்பது கடினம் என்பதால் மார்ச், ஏப்ரலிலேயே பதிவு செய்துவிடுங்கள்.